காத்திருந்த பார்சலின் பெயரால் நான் இழந்த 84,789 ரூபாய்

என் அம்மாவுக்கு 74 வயது. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டு ஆடியில் அவருடைய இடது பாதத்தில் வந்த புண் ஆறுவதற்கே இரண்டு மாதங்கள் பிடித்தன. இனி வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி, சர்க்கரை நோயாளிகளுக்கென்றே செய்யப்படும் மெத்தென்ற செருப்பை வாங்கச் சொன்னார். திருச்சியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அம்மாவின் அளவு கிடைக்கவில்லை. ஆகவே 2025 அக்டோபர் 6-ஆம் தேதி இணையத்தில் 2,640 ரூபாய்க்கு ஆர்டர் செய்து, பணத்தையும் முன்னதாகவே கட்டிவிட்டேன். பதினொன்றாம் தேதிக்குள் வந்துவிடும் என்று போட்டிருந்தது, வரவில்லை. பன்னிரண்டாம் தேதியிலிருந்து 'திருச்சி மையத்தை வந்தடைந்தது' என்ற ஒரே வரி, மாறாமல் நின்றுகொண்டிருந்தது. தீபாவளிக்கு ஆறு நாட்களே இருந்தன. அம்மா பழைய ரப்பர் செருப்புடன் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு நாள் காலையும் நான் அந்த வரியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினேன். இவற்றையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேராசைப்பட்டவர்களும் விவரம் தெரியாதவர்களும்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் பதினாறு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். என்னிடம் பேராசை எதுவும் இருக்கவில்லை. ஒரு பொருளுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான். அந்தக் காத்திருப்பே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு அலுவலகத்தில் இருந்தபோது அந்தக் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது. முகவரி முழுமையாக இல்லாததால் இருமுறை முயன்றும் கொடுக்க முடியவில்லை. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முகவரியைச் சரிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு இணைப்பையும் கொடுத்திருந்தார்கள். 'திருப்பி அனுப்பப்படும்' என்ற சொல்லைப் படித்ததும் என் மனத்தில் அம்மாவின் கால்தான் வந்து நின்றது. இணைப்பைத் தொட்டேன். கூரியர் நிறுவனத்தின் பக்கத்தைப் போலவே நிறமும் சின்னமும் கொண்ட ஒரு பக்கம் திறந்தது. என் பெயர், வீட்டு எண், தெரு, அஞ்சல் குறியீட்டு எண், கைப்பேசி எண் எல்லாவற்றையும் நிரப்பினேன். அடுத்த பக்கத்தில் மறுவிநியோகக் கட்டணமாக ஐந்து ரூபாய் என்றும், அதைச் செலுத்த அட்டை எண்ணைக் கொடுக்குமாறும் கேட்டிருந்தது. அப்போது எனக்கு உறுத்தியது. முன்பணம் கட்டிய பொருளுக்கு எதற்குக் கட்டணம் என்று தோன்றவே, அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். எச்சரிக்கையாக நடந்துகொண்டுவிட்டோம் என்ற நிம்மதியும் அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது. அட்டை எண்ணைக் கொடுக்காவிட்டாலும் பெயரையும் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன் என்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

இந்த இடத்தில் சற்று நின்று, அன்று நான் கவனிக்கத் தவறியவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, செய்தி ஒரு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தது. நம் நாட்டில் பதிவு பெற்ற நிறுவனங்கள் வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும்போது, அனுப்புநர் இருக்கும் இடத்தில் எழுத்துகளாலான ஒரு பெயர்க்குறிதான் இருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிப்படி, 2025 மே மாதத்திலிருந்து அந்தக் குறியின் கடைசியில் ஒரு கோடும், அதையடுத்து விளம்பரமானால் பி, சேவையானால் எஸ், பரிவர்த்தனையானால் டி, அரசுச் செய்தியானால் ஜி என்று ஓர் ஆங்கில எழுத்தும் சேர்க்கப்படுகின்றன. பெயர்க்குறி இருந்துவிட்டாலே செய்தி உண்மையென்று ஆகிவிடாது. ஆனால் கூரியர் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு தனிநபர் எண்ணிலிருந்தோ, வெளிநாட்டு எண்ணிலிருந்தோ, மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ வரும் செய்தியை அங்கேயே நிறுத்திவிடலாம். இரண்டாவது, இணைப்பின் முகவரி. அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் அது தொடக்கத்தில் மட்டுமே இருந்தது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் இருக்கும் பெயரையும் முடிவையும் படிக்க வேண்டும். அந்தத் தளம் யாருக்குச் சொந்தம் என்பதை அந்தப் பகுதிதான் காட்டும். எனக்கு வந்ததில் அந்த இடத்தில் பொருளற்ற ஐந்தாறு எழுத்துகளும் 'டாட் டாப்' என்ற முடிவும் இருந்தன. மூன்றாவது, செய்தியில் என் பெயரும் இல்லை, பார்சல் எண்ணும் இல்லை. ஆயிரம் பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினால், அவர்களில் சிலராவது ஏதோவொரு பார்சலை எதிர்பார்த்திருப்பார்கள். அந்தச் சிலரில் ஒருத்தியாக நான் இருந்தேன்.

இந்திய அஞ்சல் துறையின் பெயரிலும் இதே வாசகத்துடன் செய்திகள் சுற்றியிருக்கின்றன. அஞ்சல் துறை முகவரியைச் சரிசெய்யச் சொல்லி இப்படிக் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பி.ஐ.பி.யின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு 2024-லேயே தெளிவுபடுத்தியிருந்தது. விரைவு அஞ்சலுக்குக் கொடுக்கப்படும் எண், இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று பதின்மூன்று இடங்கள் கொண்டது. அந்த எண்ணே இல்லாமல் 'உங்கள் பார்சல்' என்று பேசும் எந்தச் செய்தியையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. எண் இருந்தாலும், அதை அவர்கள் கொடுத்த இணைப்பில் இட்டுப் பார்க்காமல், அஞ்சல் துறையின் தளத்தை நாமே திறந்து இட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு வந்த போலிப் பக்கத்தில் எந்த எண்ணை இட்டாலும் அது ஏற்றுக்கொண்டது என்பதைப் பின்னால் காவல் நிலையத்தில் காட்டினார்கள்.

பக்கத்தை மூடிய பத்தாவது நிமிடத்தில் அழைப்பு வந்தது. நல்ல தமிழில், மரியாதையாக, அவசரமே இல்லாமல் ஒரு இளைஞர் பேசினார். என் பெயரைச் சொல்லி, ஸ்ரீரங்கத்தில் என் தெருவையும் வீட்டு எண்ணையும் சொல்லி, "மேடம், உங்க பார்சல் நம்ம ஆபீஸ்லதான் இருக்கு, அட்ரஸ் அப்டேட் பாதியில நின்னுபோச்சு" என்றார். எனக்கிருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அதோடு போய்விட்டது. என் பெயரும் முகவரியும் தெரிந்த ஒருவர் கூரியர் அலுவலகத்தைச் சேர்ந்தவராகத்தான் இருக்க முடியும் என்று நம்பினேன். அவர் சொன்ன ஒவ்வொரு விவரமும், பத்து நிமிடத்துக்கு முன்னால் நானே என் விரலால் அந்தப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தது. இது எனக்கு விளங்குவதற்கு மறுநாள் ஆனது. என் கதையில் வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள்: நம்முடைய விவரங்களை ஒருவர் சரியாகச் சொல்வது, அவர் யார் என்பதற்குச் சான்று ஆகாது. பெயரும் முகவரியும் கைப்பேசி எண்ணும் நாம் தூக்கி எறியும் ஒவ்வொரு அட்டைப் பெட்டியின் மேலும் ஒட்டப்பட்டிருக்கின்றன. அன்றிலிருந்து பெட்டியைப் பழைய காகிதக்காரரிடம் போடுவதற்கு முன் அந்தச் சீட்டைக் கிழித்தெடுத்துவிடுகிறேன். அழைத்தவரிடம் சோதித்துக் கேட்கத்தக்க கேள்வி, நாம் யாருக்கும் கொடுக்காத விவரமாக இருக்க வேண்டும். எந்தக் கடையிலிருந்து வந்திருக்கிறது, என்றைக்கு ஆர்டர் செய்தது, பார்சல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் எவை என்று கேட்டிருந்தால் அன்று அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. நான் கேட்கவில்லை. "அம்மாவோட செருப்புதானே?" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். "ஆமாம் மேடம், அதேதான்" என்றார்.

அட்டை எண்ணை இணையத்தில் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் அதைப் பாராட்டினார். நீங்கள் தயங்கியது சரிதான், எங்கள் நிறுவனத்தின் செயலியிலேயே பாதுகாப்பாகக் கட்டலாம், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். அனுப்பியது ஏ.பி.கே. என்று முடியும், கைப்பேசியில் செயலியை நிறுவும் ஒரு கோப்பு. அதை நிறுவும்போது, அறியாத இடத்திலிருந்து வரும் செயலி என்று கைப்பேசியே எச்சரித்தது. அலுவலகச் செயலி பிளே ஸ்டோரில் இருக்காது, அனுமதி கொடுங்கள் என்றார், கொடுத்தேன். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டது, பார்சல் வரும் செய்தியைக் காட்டுவதற்காக என்றார், அதையும் கொடுத்தேன். பிறகு அந்தச் செயலிக்குள் ஐந்து ரூபாய் கட்டுவதற்காக டெபிட் கார்டின் எண்ணையும், காலாவதி மாதத்தையும், பின்புறத்திலுள்ள மூன்று இலக்க எண்ணையும் இட்டேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. சர்வர் மெதுவாக இருக்கிறது, நான்கு மணிக்குப் பையன் வீட்டுக்கு வருவான் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவர் யாரிடமும் ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள் என்று எனக்கு அறிவுரை வேறு கூறியிருந்தார். ஓ.டி.பி.யை அவர் என்னிடம் கேட்கத் தேவையே இருக்கவில்லை. வங்கி அனுப்பிய எண்கள் எல்லாம் அந்தச் செயலி வழியாக நேரே அவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. என் கண்ணில் ஒரு செய்திகூடப் படவில்லை. 'ஓ.டி.பி.யைச் சொல்லாதவரை பயமில்லை' என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குறுஞ்செய்தி அனுமதியை ஓர் அந்நியச் செயலிக்குக் கொடுத்துவிட்டால் அந்த நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லாமல் போய்விடுகிறது.

மாலை நான்கு ஐம்பதுக்கு, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே உள்ள மருந்துக் கடையில் அம்மாவுக்கு இன்சுலினும் ஊசியும் வாங்கி, 1,380 ரூபாய்க்கு க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பணம் அனுப்பப் பார்த்தேன். இருப்பு போதவில்லை என்று வந்தது. மறுபடி முயன்றேன், அதுவே வந்தது. வங்கிச் செயலியைத் திறந்தபோது 1,206 ரூபாய் இருந்தது. காலையில் 85,995 ரூபாய் இருந்த கணக்கு அது. தீபாவளி போனஸும், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ஆறு மாதமாகச் சேர்த்ததும் அதில்தான் இருந்தன. பன்னிரண்டு இருபத்து நான்குக்கு 49,990, அடுத்த இரண்டு நிமிடத்தில் 24,999, அதன்பின் 9,800 என்று மூன்று வரிகள். மருந்துக் கடைக்காரர் நாளைக்குக் கொடுங்கள் என்று மருந்தைக் கையில் கொடுத்தார். நான் கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, காது அடைத்ததைப் போலிருந்தது. அந்த நேரத்திலும் என் மனம் முதலில் நினைத்தது, இதை யாருக்கும் தெரியாமல் எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான்.

அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையைச் சொல்ல வேண்டும். வங்கியின் எண்ணை அட்டையின் பின்புறத்தில் பார்த்து அழைத்து, ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அட்டையை முடக்கினேன். அது சரியான செயல். ஆனால் அதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்தேன். அட்டையை முடக்கினால் இனிமேல் போகவிருக்கும் பணம்தான் நிற்கும். போன பணம் தன் வழியில் போய்க்கொண்டே இருக்கும். அதை வழியில் மறிப்பதற்குத்தான் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது. அங்கே புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக்கு, எந்த மின்பணப்பைக்குப் போயிருக்கிறதோ அங்கே தகவல் போய், இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகையைப் பிடித்துவைக்கிறார்கள். ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து இன்னும் பலவற்றுக்கு என்று பணம் சிதறிவிடுவதால், ஒவ்வொரு பத்து நிமிடமும் கணக்கில் வரும். நானோ ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை அந்த இளைஞரையே திரும்பத் திரும்ப அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஏழாவது முறை எடுத்தார். தவறுதலாகப் போயிருக்கிறது மேடம், இருபத்து நான்கு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும், புகார் எதுவும் கொடுத்தால் பணம் முடங்கிவிடும் என்றார். அதையும் நம்பினேன், நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வழக்கம்போல எட்டு மணிக்கு அழைத்தபோது அவரிடம் தலைவலி என்றேன். இரவு ஒன்பது ஐந்துக்கு, அம்மா தூங்கிய பிறகு, மொட்டை மாடிக்குப் போய் 1930-ஐ அழைத்தேன்.

பேசியவர் பொறுமையான பெண்மணி. வங்கிப் பெயர், கணக்கு எண், ஒவ்வொரு பரிவர்த்தனையின் எண், தொகை, நேரம் ஆகியவற்றைக் கேட்டார். என்னிடம் குறுஞ்செய்திகள் இல்லாததால் வங்கிச் செயலியின் கணக்கு அறிக்கையிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிச் சொல்ல வேண்டியிருந்தது. அழைப்பதற்கு முன் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகும். ஆனால் எழுதுவதற்காக அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஒப்புகை எண் கிடைத்ததும், தேசிய சைபர் குற்றத் தளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்னில் புகாரை முழுமையாகப் பதிவு செய்தேன். பேசி முடித்த பிறகுதான் ஆத்திரத்தில் அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்தேன். அது நான் செய்த இன்னொரு பிழை. அந்தக் கோப்பு, அனுப்பிய எண், குறுஞ்செய்தி, இணைப்பு எல்லாமே சான்றுகள். அருவருப்பாக இருந்தாலும் அவற்றை அழிக்காமல் படம் எடுத்து வைக்க வேண்டும்.

மறுநாள் மாநகரச் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போனேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று தனிக் காவல் நிலையம் உண்டு. அங்கிருந்த பெண் காவலர் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த ஆப் இன்னும் உள்ளேதான் இருக்கு" என்றபோது எனக்குத் திக்கென்றது. முகப்பில் அதன் சின்னம் மறைந்திருந்ததால், தானாகவே போய்விட்டது என்று எண்ணி இரவு முழுவதும் கைப்பேசியை இணையத்துடனேயே வைத்திருந்தேன். அமைப்புகளில் செயலிகளின் பட்டியலுக்குள் போய், அதற்குக் கொடுத்திருந்த சாதன நிர்வாகி உரிமையை எடுத்த பிறகுதான் அதை நீக்க முடிந்தது. பிறகு படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் பத்திரப்படுத்திவிட்டு, கைப்பேசியை முழுவதும் அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். கடவுச்சொற்களை மாற்றுவதை அந்தக் கைப்பேசியில் செய்யாமல், மகளின் கைப்பேசியிலிருந்து செய்தேன். இப்படி ஒரு செயலி நுழைந்துவிட்டதாகத் தெரிந்தால் செய்ய வேண்டிய முதல் காரியம், விமானப் பயன்முறையை இட்டு வைஃபையையும் அணைப்பது. வங்கிக்கும் 1930-க்கும் வேறொரு கைப்பேசியிலிருந்து அழைப்பது.

அந்தக் காவலர் அழைப்புத் திருப்பத்தையும் சோதித்தார். கூரியர் பையனின் எண்ணை இணைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நட்சத்திரக் குறியுடன் 401 அல்லது 21 என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வது இவர்களின் இன்னொரு முறையாம். அழுத்தினால் நமக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவர்களுடைய எண்ணுக்குத் திரும்பிவிடும். குரல் வழியாக வரும் ஓ.டி.பி.யும் அங்கே போகும். இதனால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இத்தகைய குறியீட்டின் மூலம் அழைப்பைத் திருப்பும் வசதியை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனாலும் யார் சொல்லியும் அப்படி எதையும் அழுத்தாமல் இருப்பதே நல்லது. *#21# என்று அழுத்தினால் திருப்பம் இருக்கிறதா என்று தெரியும். ##002# என்று அழுத்தினால் இருக்கும் திருப்பங்கள் நீங்கிவிடும்.

பதினாறாம் தேதி காலையில் உண்மையான செருப்பு வந்தது. கொண்டுவந்த தம்பி தெருமுனையிலிருந்து அழைத்து வழி கேட்டார். ஐந்து ரூபாயோ ஒரு ரூபாயோ கேட்கவில்லை. மழையினால் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது என்று அவராகவே வருத்தம் தெரிவித்தார். முகவரியில் சிக்கல் என்றால் கொண்டுவருபவர் இப்படித்தான் அழைத்துக் கேட்பார், அல்லது நாம் ஆர்டர் செய்த செயலியிலேயே அது தெரியும். அன்று செய்தி வந்ததும் நான் செய்திருக்க வேண்டியது அதைத்தான்: செய்தி காட்டிய வழியில் போகாமல், ஆர்டர் செய்த இடத்துக்கு நானே திரும்பிப் போய்ப் பார்ப்பது. ஒரு நிமிட வேலை. இணையத்தில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்ணையும் இதே காரணத்தால் நம்பக் கூடாது. போலி எண்களைத் தேடலில் முன்னால் வரும்படி செய்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலுக்குச் சுங்க வரி இருப்பது உண்மைதான். அஞ்சலில் வந்தால் அதைப் பொருளைக் கொடுக்கும்போது ரசீதுடன் வாங்குவார்கள். சில கடைகள் பொருளை ஒப்படைக்க ஓ.டி.பி. கேட்பதும் உண்மையே. பொருள் கைக்கு வந்த பிறகு, அந்தச் செய்தி எதற்காக வந்தது என்பதை முழுவதும் படித்துவிட்டு, அதை மட்டும் சொல்லலாம். வாசலில் நின்று, 'உங்களுக்கு வேண்டாமென்றால் ரத்து செய்ய ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்று கேட்டால் சொல்லக் கூடாது. எங்கள் கீழ் வீட்டுப் பாட்டியிடம், மகன் பெயரில் வந்திருக்கிறது என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்து 1,499 ரூபாய் வாங்கிப் போனார்கள். உள்ளே பழைய துணி இருந்தது. வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்தால், பணம் கொடுத்து வாங்கும் பார்சல் எது வரப்போகிறது என்பதை முன்னதாகவே சொல்லி வைத்துவிடுங்கள். சொல்லாதது எது வந்தாலும் வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

பார்சலின் பெயரால் நடப்பவற்றில் மிகக் கொடியது, உங்கள் பெயரில் போதைப் பொருள் பிடிபட்டிருக்கிறது என்று மிரட்டி, காணொளியில் காவல் அதிகாரியைப் போல அமர்ந்து, 'டிஜிட்டல் கைது' என்று வீட்டுக்குள்ளேயே மணிக்கணக்கில் அடைத்து வைப்பது. சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் பிரதமரே இதைக் குறிப்பிட்டார். எனக்கு அந்த அனுபவம் இல்லை. ஆனால் அதிலும் அவர்கள் முதலில் சொல்வது, யாரிடமும் பேசாதே என்பதுதான். என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. என் வெட்கமே அந்த வேலையைச் செய்தது. கணவரிடம் நான்காம் நாள்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல்ல ஏன் சொல்லல?" என்று ஒருமுறை கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் எனக்குத் திட்டைவிடக் கடினமாக இருந்தது.

வங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பணம் போனபோது நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதிச் சுற்றறிக்கை, வங்கியிலும் வாடிக்கையாளரிடமும் தவறின்றி வேறெங்கோ நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. ஆனால் அட்டை விவரங்களை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டால், வங்கியிடம் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது என்றும் அதில் இருந்தது. தெரிவித்த பிறகு நேரும் இழப்புதான் வங்கியினுடையது என்றிருந்தது. விவரங்களை நானே கொடுத்ததைக் காட்டி என் வங்கி பணம் தர மறுத்தது. ஆகவே வங்கிக்குத் தெரிவித்த நேரத்தைப் புகார் எண்ணுடன் எழுதி வைத்துக்கொள்வது மிக முக்கியம். வங்கியின் பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலும், முப்பது நாட்களில் பதிலே வராவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். நான் முறையிட்டேன். சில நிமிடங்களுக்குள் வழக்கத்துக்கு மாறாக மூன்று பெரிய தொகைகள் போனது ஏன் தடுக்கப்படவில்லை என்று கேட்டேன். எனக்குச் சாதகமாக முடியவில்லை. இப்போது என் அட்டையில் இணையப் பரிவர்த்தனையை அணைத்தே வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது மட்டும் வங்கிச் செயலியில் திறந்து, 3,000 ரூபாய்க்கு வரம்பு வைத்து, முடிந்ததும் அணைத்துவிடுகிறேன். இந்த வசதி எல்லா வங்கியிலும் உண்டு. கல்லூரிக் கட்டணத்துக்கான பணத்தை அட்டையோ யு.பி.ஐ.யோ இணைக்கப்படாத வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டேன்.

நவம்பரில் இன்னொரு அழைப்பு வந்தது. சைபர் கிரைம் பிரிவிலிருந்து பேசுவதாகவும், உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, 3,000 ரூபாய் செயலாக்கக் கட்டணம் கட்டினால் கணக்கில் வந்துவிடும் என்றும் ஒருவர் சொன்னார். இழந்த தொகையைச் சில்லறையோடு சரியாகச் சொன்னார். என் கை நடுங்கியது. ஆனால் இம்முறை இணைப்பைத் துண்டித்துவிட்டுக் காவல் நிலையத்துக்கு நானே அழைத்தேன். அப்படி யாரும் அழைக்கவில்லை என்றார்கள். பணத்தை மீட்டுத் தருவதற்குக் காவல் துறை கட்டணம் வாங்குவதில்லை. ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியல் இவர்களுக்குள் கைமாறுகிறது என்றே நினைக்கிறேன். அந்த எண்ணையும், இதற்குப் பிறகு வந்த இரண்டு பார்சல் செய்திகளையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் பதிவு செய்தேன். பணம் போகாவிட்டாலும் சந்தேகத்துக்குரிய அழைப்பையும் செய்தியையும் அங்கே தெரிவிக்கலாம்.

மூன்று தொகைகளில் 9,800 மட்டும், ஒரு மின்பணப்பையில் செலவழிக்கப்படாமல் இருந்ததால், நான் 1930-ஐ அழைத்த அன்றிரவே பிடித்துவைக்கப்பட்டது. முதலிரண்டும் மாலை ஏழரைக்குள் பல கணக்குகளாகப் பிரிந்து எடுக்கப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கடைப்படியில் உட்கார்ந்திருந்த ஐந்து மணிக்கே அழைத்திருந்தால் இன்னும் எவ்வளவு நின்றிருக்கும் என்று நான் காவலரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கோப்பைப் பார்த்தார். நின்ற தொகையைப் பெற நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அதற்காக மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். மார்ச் மாதத்தில்தான் அது என் கணக்குக்கு வந்தது. மகளின் கட்டணத்தை நகையை அடகு வைத்துக் கட்டினோம், இன்னும் மீட்கவில்லை. அம்மாவின் செருப்பு இந்த ஆனியில் அடிப்பகுதி தேய்ந்துவிட்டதால், சென்ற வாரம் அதே கடையில் இன்னொரு சோடிக்கு ஆர்டர் செய்திருக்கிறேன். இம்முறை பொருள் வந்த பிறகு பணம் கொடுப்பதாகப் போட்டு, பார்சல் எண்ணையும் தொகையையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அம்மா அமரும் திண்ணைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.